கம்பவுண்டர் மடித்துத் தந்த பொட்டலம்

பாட்டிலை நாம்தான் கொண்டுபோக வேண்டும். எண்பதுகளில் பம்பாயில், செம்பூரின் திலக் நகரில் எந்த டிஸ்பென்சரிக்குப் போனாலும் அதுதான் வழக்கம். அம்மா பழைய கிரைப் வாட்டர் பாட்டிலை வெந்நீர் விட்டுக் குலுக்கிக் கழுவி, கவிழ்த்து வடியவிட்டு, ஒயர் கூடையில் வைத்துக் கொடுப்பாள். கம்பவுண்டர் அதை வாங்கி மூக்கருகே வைத்து ஒருமுறை மோந்து பார்ப்பார். திருப்தி என்றால் பெரிய ஜாடியிலிருந்து ரோஸ் நிற மிக்சரைக் கழுத்து வரை ஊற்றுவார். பிறகு வெள்ளைத் தாள் ஒன்றை நீளவாக்கில் மடித்து, ஓரத்தில் கத்தரியால் சின்னச் சின்ன வெட்டுகள் போடுவார். பிரித்தால் ஓரமெல்லாம் பல் பல்லாக நிற்கும். பசை தடவிப் பாட்டிலின் முதுகில் ஒட்டிவிட்டால் கணக்கு முடிந்தது. ஒரு பல் ஒரு வேளை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரியும். அந்தத் தாளில் எழுத்து என்று எதுவும் இருக்காது. மருந்தின் பெயரும் இருக்காது, சாப்பிடுகிறவரின் பெயரும் இருக்காது.

மாத்திரைகளுக்கும் அதே கதிதான். ஒரு டப்பாவிலிருந்து வெள்ளை, இன்னொன்றிலிருந்து மஞ்சள், மூன்றாவதிலிருந்து மிகச் சிறிய வெள்ளை ஒன்று என்று எடுத்துக் கல்வத்தில் போட்டு நுணுக்குவார். சதுரமாக நறுக்கி வைத்த காகிதங்களை மேஜைமேல் வரிசையாகப் பரப்பி, பொடியைக் கத்தி முனையால் கண் மதிப்பாகப் பங்கு வைப்பார். அப்புறம் மடிப்பு. முதலில் கீழ் ஓரம், பிறகு மேல் ஓரம், பக்கவாட்டில் இரண்டு, கடைசியில் ஒன்றுக்குள் ஒன்று செருகல். அந்த விரல்களின் வேகத்தைப் பார்ப்பதற்காகவே நான் அக்காவோடு கூடப் போவேன். “சுபா ஏக், ஷாம் கோ ஏக்”, காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று சொல்லி, ரப்பர் பேண்டு போட்டுத் தருவார். ஐந்து ரூபாய்.

அக்காவுக்கு இழுப்பு. என்னைவிட மூன்று வயது மூத்தவள்.

அப்பா திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து, முதலில் தாராவியில் சித்தப்பா வீட்டில் ஒண்டியிருந்தவர். பல்லார்ட் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட் வேலை நிலைத்ததும் திலக் நகரில் ஹவுசிங் போர்டு கட்டடம் ஒன்றில் இரண்டாம் மாடிக்கு வாடகைக்கு வந்தார். எங்கள் தளத்தில் நாங்கள், ஒரு பாலக்காட்டு மாமி குடும்பம், மற்றவர்கள் எல்லாம் கொங்கணிலிருந்தும் சாத்தாராவிலிருந்தும் வந்த மராத்திக்காரர்கள். திலக் நகர் என்றால் வெளியாட்களுக்கு நினைவு வருவது சஹ்யாத்ரி மண்டலின் பிரம்மாண்டமான கணபதிப் பந்தலும், சஹகார் தியேட்டர் வாசலில் பிளாக்கில் டிக்கெட் விற்றுத் தொடங்கிய சோட்டா ராஜனும்தான். எங்கள் வீட்டில் அந்தப் பெயர் என்றால் காற்று.

தெற்கே ஆர்.சி.எஃப். உரத் தொழிற்சாலை. அதற்கப்பால் மாஹுலில், ஐம்பதுகளில் வந்த இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள். டிராம்பேயில் டாட்டாவின் அனல் மின்நிலையம். கிழக்கே தேவ்னார் குப்பை மேட்டில் எங்காவது ஒரு மூலையில் எப்போதும் புகைச்சல். மழைக்காலத்தில் கடற்காற்று எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விடும், ஆனால் சுவரெல்லாம் பூஞ்சை பூத்துவிடும். டிசம்பர், ஜனவரியில் காற்று அசையாது. விடிகாலையில் ஆரே பூத்துக்குப் பால் பாட்டில் வாங்கப் போகும்போது கண்ணில் சுருக்கென்று அம்மோனியா குத்தும். பத்திரிகைகள் செம்பூரை ‘கேஸ் சேம்பர்’ என்று எழுதின. கே.இ.எம். மருத்துவமனையின் டாக்டர் எஸ்.ஆர். காமத்தும் அவருடைய குழுவினரும் எழுபதுகளின் பிற்பகுதியில் செம்பூர், லால்பாக், கார் பகுதிகளிலும், ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கிராமத்திலுமாக ஆயிரக்கணக்கான பேரின் நெஞ்சைச் சோதித்துப் பார்த்தார்கள். அழுக்குக் காற்றுள்ள இடங்களில் இருமலும் மூச்சிரைப்பும் கூடுதல் என்று அந்த ஆய்வு சொன்னது. அம்மாவுக்கு அந்த ஆய்வெல்லாம் தெரியாது. துணி காயப்போடும் கயிற்றை வெள்ளைத் துணியால் துடைத்து, அதில் படியும் கரியைப் பார்த்து, “இன்னைக்கு ராத்திரி இவளுக்கு இழுக்கும்” என்பாள். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

1984 டிசம்பரில் போபால் செய்தி வந்தபோது கட்டடமே கலங்கியது. யாரோ சொன்னார்கள் என்று எல்லா வீட்டிலும் ஒரு வாளித் தண்ணீரும் துண்டுகளும் கட்டிலடியில் தயாராக இருந்தன. அந்த வாளியில் அடுத்த மாதமே என் காகிதக் கப்பல்கள் மிதந்தன. பயம் தணிந்துவிட்டது. அக்காவின் இழுப்பு தணியவில்லை.

இழுப்பு வந்த இரவுகளில் அவள் படுக்கமாட்டாள். ஜன்னலோரம் சம்மணமிட்டு, மடியில் தலையணையை வைத்து, இரண்டு முழங்கையையும் அதில் ஊன்றி முன்னால் சாய்ந்திருப்பாள். மூச்சை இழுக்கும்போது கழுத்தெலும்புக்கு மேலே உள்ள குழி உள்ளே போகும். விடும்போது சீழ்க்கைச் சத்தம். பேச்சு வராது, தண்ணீர் வேண்டுமென்றால் கையைக் காட்டுவாள். கடைசி லோக்கல் குர்லாப் பக்கம் போன பிறகு அந்தச் சத்தம் மட்டும்தான் வீட்டில் இருக்கும். அப்பா அவள் முதுகில் அமிர்தாஞ்சன் தேய்ப்பார். தைலம் பம்பாயிலேயே பிறந்த சரக்கு. நாகேஸ்வர ராவ் 1893இல் இங்கேதான் அதைத் தொடங்கினார், சென்னைக்குப் போனதெல்லாம் பிறகு. ஆனால் அதிலுள்ள மென்தால், தோலிலும் மூக்கிலும் குளிர்ச்சி உணரும் நரம்புகளைத்தான் தட்டும். மூச்சு தாராளமாக வருகிற மாதிரி தோன்றும், உள்ளே குழாய் ஒரு இம்மியும் விரியாது. தேய்க்கிற அப்பாவுக்கும் ஏதோ செய்கிறோம் என்ற ஆறுதல் கிடைத்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன்.

அம்மாவின் கைவைத்தியம் கடுங்காப்பி. பால் விடாமல், கரிக்கட்டைக் கறுப்பில், ஒரு டம்ளர். நெடுநாள் கழித்து ஒரு புத்தகத்தில் படித்தேன்: 1860இல் இங்கிலாந்தில் ஹென்றி சால்ட்டர் என்ற டாக்டர், தானே ஆஸ்துமாக்காரர், கெட்டிக் காப்பியை மருந்தாகவே பரிந்துரைத்திருக்கிறார். காப்பியிலுள்ள கஃபீனும், ஆஸ்துமாவுக்குத் தருகிற தியோஃபிலினும் பங்காளிகள். ஊரிலிருந்து யார் ரயிலேறினாலும் ஆச்சி ஒரு மஞ்சள் பையில் காய்ந்த ஆடாதோடை இலை கொடுத்தனுப்புவாள். அதுவும் வெறும் நம்பிக்கை இல்லை. அந்த இலையிலுள்ள வாசிசின் என்ற சத்தை மாதிரியாக வைத்துத்தான் புரோம்ஹெக்சின் என்ற சளி இளக்கி மருந்தையே ஐரோப்பாவில் செய்தார்கள். ஒரு வருஷம் பக்கத்து வீட்டுச் சாத்தாராக் காக்கு (மராத்தியில் சித்தி), ஜூன் மாதம் மிருகசீரிஷக் கார்த்தியன்று ஹைதராபாத் போய் பத்தினி குடும்பத்தார் தரும் மீன் மருந்தை விழுங்கச் சொன்னாள். விரல் நீள உயிர் விரால் மீனின் வாய்க்குள் ஏதோ மஞ்சள் பசையை வைத்து அப்படியே தொண்டையில் இறக்குவார்களாம். அக்கா அதைக் கேட்ட மாத்திரத்திலேயே வாந்தி எடுத்தாள். அத்தோடு அந்தப் பேச்சு நின்றது.

ஆங்கில மருந்துகளும் வரிசையாக வந்து போயின. ஏவில் கொடுத்தால் தூக்கம். பள்ளிக்கூடத்தில் மூன்றாவது பீரியட்டில் மேஜையில் தலை சாய்ந்துவிடும், டீச்சர் வீட்டுக்குச் சீட்டு அனுப்புவாள். தியோஃபிலின் கொடுத்தால் நேர் எதிர். ராத்திரி முழுக்கக் கண் கொட்டாது, நெஞ்சு படபடக்கும், காலையில் குமட்டல். குணம் தருகிற அளவுக்கும் கெடுதல் தருகிற அளவுக்கும் அந்த மருந்தில் இடைவெளி மிகக் குறைவு. ஜுரம் வந்தாலோ சில ஆன்டிபயாட்டிக்குகள் கூடச் சேர்ந்தாலோ அதே அளவு ரத்தத்தில் கூடிப்போகும் என்பது இப்போது எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. சால்பியூட்டமால் சிரப் கொடுத்தால் மூச்சு நன்றாகவே திறக்கும், ஆனால் கை நடுங்கும். அந்த நாட்களில் அவள் எழுதிய கணக்கு நோட்டு ஒன்று அம்மாவின் டிரங்குப் பெட்டியில் வெகுகாலம் கிடந்தது. கூட்டல் எல்லாம் சரி. எண்கள்தான் ஒவ்வொன்றும் அலைஅலையாக இருக்கும். மருந்து கேட்ட விலை அப்போதெல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது. தூக்கம் என்றால் தூக்கம், நடுக்கம் என்றால் நடுக்கம். அம்மா அதைப் பார்த்தே மருந்தைக் கூட்டுவாள், குறைப்பாள்.

அப்புறம்தான் ஸ்டேஷன் பக்கத்தில் புதிதாக ஒரு டாக்டர் வந்தார். கைராசிக்காரர் என்று பேச்சு. முதல் நாள் பொட்டலம் சாப்பிட்டு மறுநாள் காலை அக்கா நாலு மாடி ஏறி மொட்டை மாடிக்குப் போனாள். ஒரு வாரத்தில் கோலப்பொடி டப்பாவைத் தூக்கிக்கொண்டு காலை ஐந்து மணிக்கு வாசலில் உட்கார்ந்தாள். பாலக்காட்டு மாமி, “சேச்சிக்கு இப்போ அசுகமே இல்லியோ” என்று வியந்தாள். பொட்டலத்தில் தூக்கம் கிடையாது, நடுக்கம் கிடையாது, குமட்டல் கிடையாது. பசி மட்டும் இருந்தது. அதுவரை அரை இட்லியை முக்கால் மணி நேரம் மென்றுகொண்டிருந்தவள், தட்டைக் காலி செய்துவிட்டு என் தட்டைப் பார்த்தாள். அம்மாவுக்குக் கண் நிறைந்துபோயிற்று. தினம் ஒரு முட்டை, சனிக்கிழமை ஆட்டுக்கால் சூப் என்று கவனிப்பு கூடியது.

கன்னம் முதலில் உப்பியது. பிறகு கழுத்துக்குப் பின்னால் சதை. முகம் வட்டமாகி, கன்னத்தில் எப்போதும் ஒரு சிவப்பு. மாடிப்படியில் ஏறி இறங்கும் ஒவ்வொரு காக்குவும் நின்று, “கித்தி சாங்கலி தப்யேத் ஜாலி!”, உடம்பு எவ்வளவு நன்றாகத் தேறிவிட்டது என்று அவள் தாடையைத் தொட்டு விரலை முத்தமிட்டுப் போவாள். மாட்டுங்காவிலிருந்து வந்த பெரியம்மா, எந்த டாக்டர் என்று விலாசம் கேட்டு எழுதிக்கொண்டாள். அந்த வட்ட முகத்துக்கு மருத்துவத்தில் ‘சந்திர முகம்’ என்றே ஒரு பெயர் உண்டு என்பதும், அது ஆரோக்கியம் அல்ல, மருந்து அதிகமாகிவிட்டதன் அடையாளம் என்பதும் அந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் தெரியாது. ஒல்லிக் குழந்தை குண்டானால் நம் ஆட்களுக்கு வேறெதுவும் கேட்கத் தோன்றாது. இன்றும் அப்படித்தான்.

மெலிதாக வேறு சில மாற்றங்களும் இருந்தன. மேலுதட்டில் பூனை முடி. இடித்துக்கொண்டால் உடனே நீலம் பாய்ந்தது. அடுப்படிக் கதவுச் சட்டத்தில் அப்பா தீபாவளிக்குத் தீபாவளி பென்சிலால் எங்கள் உயரத்தைக் கோடு போடுவார். என் கோடு ஏறிக்கொண்டே வந்தது. அக்காவின் கோடு முந்தின வருஷத்துக் கோட்டின்மேலேயே கிட்டத்தட்ட உட்கார்ந்திருந்தது. “பொம்பளப் புள்ள, போதும்” என்றாள் அம்மா. நான் அவளைத் தாண்டிவிடுவேன் என்று எனக்கு ஒரே குஷி.

அந்தக் காலத்துப் பம்பாய் மருந்துக்குப் பயப்படாத ஊர் இல்லை. 1986 தொடக்கத்தில் ஜே.ஜே. ஆஸ்பத்திரியில் கிளிசரால் கொடுக்கப்பட்ட நோயாளிகள் அடுத்தடுத்துச் சிறுநீரகம் பழுதாகி இறந்தார்கள். மொத்தம் 14 பேர். மூளையிலும் கண்ணிலும் அழுத்தத்தைக் குறைக்கத் தருகிற சாதாரண மருந்து அது. அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற தொழிற்சாலை நஞ்சு கலந்திருந்தது. நீதிபதி லென்டின் கமிஷன் உட்கார்ந்தது, அறிக்கை வெளிவந்தபோது மாநில சுகாதார அமைச்சர் பதவி விலக நேர்ந்தது. அப்பா ஒவ்வொரு நாளும் ‘டைம்ஸ்’ படித்துவிட்டு வீட்டிலிருந்த பாட்டில்களை எல்லாம் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். இருமல் மருந்து, டானிக், ஒன்று விடாமல். அவற்றில் எல்லாம் லேபிள் இருந்தது, அதனால் சந்தேகப்பட முடிந்தது. அக்காவின் பொட்டலம் அந்தச் சோதனைக்கு ஒருநாளும் உட்படவில்லை. அதில் படிக்க ஒன்றுமில்லையே.

அதே வருஷம் மே மாதம் ஊருக்குப் போனோம். தாதரில் ஏறி மெட்ராஸ், எழும்பூரிலிருந்து நெல்லை எக்ஸ்பிரஸ். மீட்டர் கேஜ் வண்டியின் ஆட்டத்தில் அக்கா என்னோடு பந்தயம் போட்டு மேல் பெர்த்துக்கு ஏறினாள். ஊர்க் காற்றில் இழுப்பே இல்லை. ஆச்சி அவளைக் கட்டிப்பிடித்து, “பம்பாய்த் தண்ணி புள்ளைக்கு ஒத்துக்கிட்டுல்லா! எவ்வளவு சதை போட்ருக்கு பாரு” என்று திருஷ்டி கழித்தாள். கொண்டுவந்த பொட்டலங்கள் தீர்ந்தன. இங்கேதான் மூச்சு நன்றாக இருக்கிறதே, மருந்து எதற்கு என்று அம்மா நினைத்தாள். தலைவலி மாத்திரையைத் தலைவலி போனதும் நிறுத்துகிறோம், இழுப்பு மருந்தை இழுப்பு போனதும் நிறுத்துவதில் யார் தப்பு காண முடியும்?

அம்மன் கோயில் கொடை முடிந்த மறுநாள் அவளுக்கு லேசான ஜுரம். கூட்டத்தில் வந்தது என்றார்கள். மதியத்துக்குள் வாந்தி. சாயங்காலம் எழுந்து நின்றவள் அப்படியே திண்ணையில் சரிந்தாள். கை கால் சில்லிட்டுக் கிடந்தது. மூச்சில் சீழ்க்கை இல்லை என்பதுதான் எல்லோரையும் குழப்பியது. வில்வண்டி, பிறகு பஸ், பிறகு பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி. அங்கே டூட்டியிலிருந்த இளவயது டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்தார், முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பாவாடையை லேசாக விலக்கித் தொடையிலிருந்த ஊதாக் கோடுகளைப் பார்த்தார்.

“ஏம்மா, புள்ளைக்கு என்ன மருந்து குடுத்துட்டு இருந்தீங்க?”

“பொட்டலம், அய்யா.”

“பொட்டலத்துல என்ன?”

“பொடி, அய்யா. வெள்ளைப் பொடி. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு.”

“எவ்வளவு நாளா?”

“ஒண்ணர வருஷம் இருக்கும்.”

அவர் அதற்குமேல் அம்மாவிடம் கேட்கவில்லை. சலைன் ஓடவிட்டு, ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி போட்டார். விடிவதற்குள் அக்கா எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்டாள். காலையில் தாய்மாமாவை வராந்தாவுக்கு அழைத்து அந்த டாக்டர் சொன்னதை மாமா பிற்பாடு எத்தனையோ தடவை எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்: “வீட்டுக்குத் தெனம் லாரித் தண்ணி வந்தா கெணத்த எவன் தூர் வாருவான்? தூந்து போயிரும்லா? ஒருநாள் லாரி நின்னா என்ன கெதி? இந்தப் புள்ளைக்கு அதான் நடந்திருக்கு.”

கிணறு என்று அவர் சொன்னது சிறுநீரகத்தின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியை. நம் உடம்புக்குத் தேவையான கார்ட்டிசாலை அது தினமும் தானே சுரக்கிறது. ஜுரம், அடி, அறுவைச் சிகிச்சை என்று உடம்புக்கு நெருக்கடி வந்தால் பல மடங்கு கூட்டிச் சுரக்கும். வெளியிலிருந்து அதே வேலையைச் செய்யும் ஸ்டீராய்டு மாத்திரை மாதக்கணக்கில் உள்ளே போனால் சுரப்பி வேலையை விட்டுவிடுகிறது. மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் இரண்டு பக்கத்திலும் கார்ட்டிசால் இல்லை. சாதாரண ஜுரம் போதும், ஆளைச் சாய்த்துவிடும். இதை உலகம் 1986இல் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. அமெரிக்காவில் மேயோ கிளினிக்கின் டாக்டர் பிலிப் ஹென்ச் 1948இல், மூட்டுவாதத்தால் படுத்த படுக்கையாக இருந்த ஒரு பெண்ணுக்குக் கார்ட்டிசோன் ஊசி போட்டார். சில நாளில் அவள் எழுந்து நடந்தாள். 1950இல் ஹென்ச்சும் இன்னும் இருவரும் நோபல் பரிசு வாங்கினார்கள். அந்தப் பரிசின் சூடு ஆறுமுன்னே முகம் உப்புவது, சர்க்கரை ஏறுவது, எலும்பு மெலிவது, நிறுத்தினால் சரிவது எல்லாம் மருத்துவ இதழ்களில் வரத் தொடங்கிவிட்டன. குழந்தைகள் வளர்ச்சி குன்றுவதும் வெகுகாலமாகத் தெரிந்ததுதான்.

பம்பாய் திரும்பியதும் அப்பா அந்த டிஸ்பென்சரிக்குப் போனார். நானும் கூடப் போனேன். டாக்டர் கோபப்படவில்லை. “ஆராம் மிலா நா?” என்று மட்டும் கேட்டார். சுகம் கிடைத்ததா இல்லையா? அப்பாவிடம் பதில் இல்லை, ஏனென்றால் கிடைத்தது. வெளியே வரும்போது கம்பவுண்டர்தான் கண்ணால் ஜாடை காட்டி, மேஜைக்கு அடியிலிருந்து அந்தச் சின்ன மாத்திரை டப்பாவை எடுத்து லேபிளைத் திருப்பிக் காட்டினார். பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, அரை மில்லிகிராம். அப்பா சட்டைப் பையிலிருந்த ரயில் பாஸின் பின்பக்கம் அதை எழுதிக்கொண்டார். அரை மில்லிகிராம் என்று பார்த்தால் ஒன்றுமில்லை போலத் தெரியும்; அது பிரெட்னிசோலோன் என்ற இன்னொரு ஸ்டீராய்டில் ஏறத்தாழ நாலு மில்லிகிராமுக்குச் சமம், உடம்பிலும் இரண்டு நாள் வரை வேலை செய்துகொண்டிருக்கும். காலையும் ராத்திரியும், ஒன்றரை வருஷம்.

அந்த டாக்டரை வில்லனாக்க எனக்கு மனமில்லை. ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கதவைத் தட்டினாலும் திறந்தவர் அவர். மூச்சுத் திணறும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கும் தாய்மார்களுக்கு ஐந்து ரூபாயில், அன்றைக்கே, சுகம் தர வேண்டியிருந்தது. தராவிட்டால் அடுத்த தெருவில் இன்னொரு டாக்டர் தருவார். ஸ்டீராய்டு கொடுத்ததுகூடத் தப்பில்லை. கடுமையான ஆஸ்துமாவுக்குச் சில நாட்களுக்கு அதைக் கொடுத்தே ஆக வேண்டும், கொடுக்காவிட்டால் உயிர் போகும். தப்பு, அதை நிறுத்தாமல் ஓட்டியது. அதைவிடப் பெரிய தப்பு பெயரைச் சொல்லாதது. பெயர் தெரிந்திருந்தால் அம்மா ஊருக்குக் கிளம்புமுன் யாரையாவது கேட்டிருப்பாள். ஏவிலையும் தியோஃபிலினையும் பார்த்துப் பார்த்துக் கொடுத்தவள்தானே அவள்?

அப்புறம் சயான் ஆஸ்பத்திரியின் நெஞ்சு நோய்ப் பிரிவு. நீண்ட கியூ. பொட்டலத்துக்குப் பதில் பிரெட்னிசோலோன் மாத்திரையை எண்ணிக் கொடுத்து, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். கூடவே இன்ஹேலர். சிப்லா கம்பெனி அதற்குப் பல ஆண்டுகள் முன்பே இந்தியாவிலேயே இன்ஹேலர் செய்யத் தொடங்கியிருந்தது, ஆனால் எங்கள் கட்டடத்தில் ஒருவர் கையிலும் நாங்கள் பார்த்ததில்லை. இருந்தாலும் காட்டமாட்டார்கள்; பெண் பிள்ளை ‘பம்ப்’ வைத்திருக்கிறாள் என்றால் யார் கட்டிக்கொள்வார்கள்? பழக்கமாகிவிடும், இதயத்தைப் பிடிக்கும் என்று பாலக்காட்டு மாமியிலிருந்து பெரியம்மா வரை எல்லோரும் அம்மாவைப் பயமுறுத்தினார்கள். பொட்டலத்துக்கு விலாசம் கேட்ட அதே பெரியம்மாதான். விஷயம் என்னவென்றால், அந்தப் பம்பில் இருந்ததும் ஸ்டீராய்டுதான், பெக்லோமெத்தசோன். ஒரு அழுத்தலுக்கு நூறு மைக்ரோகிராம் அளவில், நேரே நுரையீரலுக்கு. உடம்பெல்லாம் சுற்றப் போவது மிகக் கொஞ்சம்தான். அதற்கும் பக்க விளைவு உண்டு. தொண்டை கம்மும், நாக்கில் வெள்ளையாகப் பூஞ்சை படியும். அதற்கான வைத்தியம் ஒரு வாய்த் தண்ணீர். உறிஞ்சிய பிறகு கொப்பளித்துத் துப்ப வேண்டும், அவ்வளவுதான்.

அக்காவின் கன்னம் ஓராண்டில் வடிந்தது. மாடிப்படியில் காக்குகள் நிறுத்தி, “பிள்ளை ஏன் இப்படி இளைத்துவிட்டாள், டாக்டரை ஏன் மாற்றினீர்கள்?” என்று அம்மாவைக் கடிந்தார்கள். உயரக் கோடு மறுபடி நகர்ந்தது, ஆனால் என்னை எட்டவில்லை. இன்று அவள் டோம்பிவிலியில் பேரப்பிள்ளையோடு இருக்கிறாள். நாற்பது தாண்டியதும் இரண்டு கண்ணிலும் புரை அறுவை நடந்தது. ஸ்டீராய்டுதான் காரணம் என்று கண் டாக்டர் அடித்துச் சொல்லவில்லை, அதுவாகவும் இருக்கலாம் என்றார். இன்ஹேலர் அவள் கைப்பையில் வெளிப்படையாக இருக்கிறது.

இதெல்லாம் பழங்கதை என்று நினைப்பவர்களுக்கு ஒரு சமீபத்திய விஷயம். 2020 ஜூனில் பிரிட்டனின் ‘ரெக்கவரி’ ஆய்வு, ஆக்சிஜன் தேவைப்படும் கோவிட் நோயாளிகளுக்குத் தினம் 6 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, அதிகபட்சம் பத்து நாள் கொடுத்தால் மரணம் குறைகிறது என்று காட்டியது. வெண்டிலேட்டரில் இருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலனில்லை என்றும் அதே ஆய்வு சொன்னது. அந்த இரண்டாவது வரியை நம் ஊரில் பலர் படிக்கவில்லை. வாட்ஸப்பில் வந்த சீட்டை வைத்துக்கொண்டு முதல் நாள் ஜுரத்துக்கே ஸ்டீராய்டு விழுங்கினார்கள். 2021இல் கறுப்புப் பூஞ்சை இந்தியா முழுக்கப் பரவியபோது, கட்டுக்கடங்காத சர்க்கரையோடு முறையற்ற ஸ்டீராய்டும் முக்கியக் காரணம் என்று டாக்டர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். முகம் வெளுக்க ஸ்டீராய்டு களிம்பு, உடம்பு போட ஸ்டீராய்டு மாத்திரை, மூட்டுவலிக்கு ‘மூலிகைப் பொடி’ என்ற பெயரில் ஸ்டீராய்டு என்று பொட்டலம் வேறு வேறு உருவத்தில் வந்துகொண்டேதான் இருக்கிறது. ஆஸ்துமாவிலும், இழுக்கும்போது மட்டும் சால்பியூட்டமால் உறிஞ்சிக்கொண்டு காலம் தள்ளுவது ஆபத்து என்று ஜினா என்ற உலக ஆஸ்துமா அமைப்பு 2019இல் தன் வழிகாட்டுதலையே மாற்றியது.

மருந்தின் மூலப்பெயரைத் தெளிவாக, கூடுமானவரை பெரிய எழுத்தில் எழுதித் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2016இல் தன் விதியைத் திருத்தியது. ஆகவே கேட்பது உங்கள் உரிமை, டாக்டரை அவமதிப்பது ஆகாது. குழந்தைக்கோ வீட்டுப் பெரியவர்களுக்கோ பெயரில்லாத பொடி, பெயரில்லாத சிரப் எதையும் வாங்காதீர்கள். ஸ்டீராய்டு மாத்திரை சில வாரங்களுக்கு மேல் ஓடியிருந்தால் டாக்டரைக் கேட்காமல் ஒருநாள்கூட நிறுத்தாதீர்கள். எந்த மருந்தாலாவது கெடுதல் நேர்ந்தது என்று தோன்றினால் காஜியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம் நடத்தும் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு நோயாளியே நேரடியாகச் சொல்லலாம். கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-180-3024.